கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். 14 மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) என்று சொல்லிவிட்டு, வயிற்றைத் திறந்து செய்தார்கள். பிறகு பித்தநீர் கசிந்து, வேலூரில் மறுபடியும் ஆபரேஷன். கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரியில் எழுதிய முழுச் சிகிச்சைப் பதிவு) கேட்டால், "டிஸ்சார்ஜ் சம்மரி போதும், மற்றது ஆஸ்பத்திரி சொத்து" என்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா?

பதில்: இப்போதைக்குப் போலீஸ் வேண்டாம். மருத்துவர்மேல் கிரிமினல் வழக்கு நிற்க, கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கும் கேஸ் ஷீட்தான் முதல் ஆதாரம்.

மூலக் காகிதம் அவர்களிடமே இருக்கட்டும். நகல் உங்கள் அம்மாவின் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மறுப்பது தொழில் ஒழுங்கீனம்.

கேட்பவர் அம்மாவாக இருக்க வேண்டும். நோயாளியின் ரகசியத்தைக் காப்பதும் மருத்துவரின் கடமை. மகன் என்பதற்காக மட்டும் உங்களிடம் தர முடியாது. பலருடைய விண்ணப்பம் இங்கேதான் அடிபடுகிறது. அம்மாவே கையெழுத்திட்டு, உங்களுக்கு அதிகாரம் அளித்து, ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் அட்மிஷன், டிஸ்சார்ஜ் தேதிகளையும் எழுதட்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

"எல்லா ஆவணமும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒப்புதல் படிவம், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, டாக்டர் குறிப்புகள், நர்ஸ் சார்ட், ஸ்கேன், லேப் ரிப்போர்ட், பில் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நர்ஸ் சார்ட்டை விட்டுவிடாதீர்கள். டிரெயின் பையில் (வயிற்றிலிருந்து குழாய் வழியே வடியும் நீர் சேரும் பை) எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம், எத்தனை மணிக்கு டாக்டரிடம் சொன்னார்கள் என்பது அதில்தான் இருக்கும். பக்க எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

லேப்ராஸ்கோப்பியிலிருந்து திறந்த ஆபரேஷனுக்கு மாறியது மட்டுமே தவறாகாது. சில நேரம் அதுதான் பாதுகாப்பு. அப்படி மாறலாம் என்று முன்பே விளக்கி ஒப்புதல் வாங்கினார்களா, கசிவை எப்போது கண்டுபிடித்தார்கள், கண்டதும் என்ன செய்தார்கள் என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. வேலூரில் இரண்டாவது ஆபரேஷன் செய்த இடத்தின் ஆவணங்களையும் வாங்குங்கள். உள்ளே கண்டது அங்கே எழுதப்பட்டிருக்கும்.

72 மணி நேரம் கடந்தும் தராவிட்டால், மருத்துவரின் பெயர், பதிவு எண்ணோடு (மருந்துச் சீட்டில் இருக்கும்) தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுங்கள். கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம், இழப்பீடு தராது.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். ஆபரேஷன் சென்னையில் நடந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் வேலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் கெடு 2 ஆண்டுகள். அதில் 14 மாதம் போய்விட்டது. கவுன்சிலில் புகார் நிலுவையில் இருப்பதால் இந்தக் கெடு நிற்காது. கேஸ் ஷீட் கைக்கு வராவிட்டாலும் வழக்கைத் தாக்கல் செய்து, அதை வரவழைக்கும்படி ஆணையத்திடமே மனுப் போடுங்கள்.