எம்.எட். மாணவர்களுக்குக் கணினிப் பாடம்: 125க்கு 187 வாங்கிய வாத்தியார்

கேள்வி: எங்கள் கல்வியியல் கல்லூரியில் எம்.எட். மாணவர்களுக்குக் கணினிப் பாடம் ஒன்றைத் தொடங்கச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் தமிழ், வரலாறு, விலங்கியல் படித்துவிட்டு வந்தவர்கள். புரோகிராமிங் எல்லாம் இவர்களுக்குத் தேவையா? எதிலிருந்து தொடங்குவது?

"தொடங்கச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே உங்கள் நிலைமை தெரிந்துவிட்டது. கல்லூரியில் வயதில் இளையவர் நீங்கள்தான். பிடிஎஃப்பை வேர்டாக மாற்றத் தெரிந்தவரும் நீங்கள்தான். முதல்வர் கூப்பிட்டு "நீங்கதான் பாத்துக்கணும்" என்று தலையில் கட்டியிருப்பார். அதற்கென்று தனிச் சம்பளமும் கிடையாது, வேறு வகுப்பைக் குறைக்கவும் மாட்டார்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது.

முதலில் ஒன்று. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் இல்லை. பி.எஸ்சி. விலங்கியல், பிறகு பி.எட்., எம்.எட். சொந்த ஊர் பாளையங்கோட்டை. "இவளுக்கு என்ன தெரியும்" என்று கேட்க வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், எனக்குத் தெரிந்தது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2006ல் நான் எம்.எட். படித்தேன். அப்போதெல்லாம் அது ஒரு வருடப் படிப்பு. இரண்டு வருடம் ஆனது 2015ல்தான். ஆய்வேட்டுத் தலைப்பு, ஆசிரியர்களின் பணி நிறைவு. மொத்தம் 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஆக 125. அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் என்று பஸ் மாறி மாறிப் போய் (தென்காசி அப்போது தனி மாவட்டம் இல்லை, எல்லாம் எங்கள் மாவட்டம்தான்) 300 ஆசிரியர்களிடம் படிவம் நிரப்பி வாங்கினேன். அதை நீளநோட்டில் கட்டம் போட்டு எழுதி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தேன். அந்தக் கடைக்கார அண்ணாச்சிக்கு எங்கள் செட்டு முழுவதும் வாடிக்கை. நோட்டைக் கொடுத்தால் மூன்றாம் நாள் அட்டவணையாகத் தருவார். சராசரி, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது), டி மதிப்பு (இரண்டு குழுக்களின் சராசரி வேறுபாடு தற்செயலா இல்லையா என்று பார்க்கும் எண்) எல்லாம் இருக்கும். டி மதிப்பு 1.96க்கு மேலே போனால் "குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு" என்று எழுத வேண்டும், கீழே இருந்தால் "இல்லை". எங்களுக்குத் தெரிந்த புள்ளியியல் அவ்வளவுதான்.

எனக்குப் பெண் ஆசிரியர்களுக்கும் ஆண் ஆசிரியர்களுக்கும் வேறுபாடு "உண்டு" என்று வந்தது. பெண்களுக்குப் பணி நிறைவு அதிகம். மகிழ்ந்துபோய் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். பெண்களின் பொறுமை, தாய்மை உணர்வு என்று என்னென்னவோ.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அமைதியாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் அட்டவணையில் விரலை வைத்தார். "ஏம்மா, மொத்தம் 125 மார்க்குதானே? இங்க அதிகபட்சம் 187ன்னு போட்டிருக்கு. 125க்கு 187 வாங்குன வாத்தியாரு எந்த ஊருல இருக்காரு? அவரை நான் ஒரு தடவை பாக்கணுமே."

பின்னால் உட்கார்ந்திருந்த என் செட்டு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்றைக்கும் 187 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும், பஸ்ஸின் நம்பர் பலகையில் பார்த்தால்கூட, அந்தச் சிரிப்புதான் கேட்கும்.

நேராக அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் அசையவே இல்லை. "பதில் இல்லாத எடத்துல 99 போடுவோம் டீச்சர், அதுதான் வழக்கம்" என்றார். உண்மைதான், அது வழக்கம்தான். ஆனால் 99 என்றால் "பதில் இல்லை" என்று மென்பொருளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். என் கோப்பில் அதைச் சொல்ல மறந்துவிட்டார். சொல்லாவிட்டால் அது 99ஐயும் மதிப்பெண்ணாகவே கூட்டிக்கொள்ளும். ஒருவர் 24 கூற்றில் 88 வாங்கி ஒன்றை விட்டிருக்கிறார். 88ம் 99ம் 187.

என் 300 படிவங்களில் 20 பேர் ஆளுக்கு ஒரு கூற்றை விட்டிருந்தார்கள். 20 தடவை 99 என்றால் 1980. அதை 300ஆல் வகுத்தால் 6.6. மொத்தச் சராசரியே ஆறரை மார்க் பொய்யாக ஏறிக் கிடந்தது. விட்டவர்களில் முக்கால்வாசி பெண்கள். என் "தாய்மை உணர்வு" எங்கேயிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. திருத்திக் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. அந்த 20 படிவங்களையும் தேடி எடுத்து வீட்டுத் திண்ணையில் பரப்பினேன். அதில் 14 ஒரே பள்ளியிலிருந்து வந்தவை. விட்டிருந்ததும் ஒரே கூற்று, 17வது: "தலைமை ஆசிரியர் என் கருத்தை மதிக்கிறார்." அந்தப் பள்ளியில் நான் படிவம் கொடுத்தபோது தலைமை ஆசிரியர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் ஆய்வேட்டில் உருப்படியான கண்டுபிடிப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த 14 காலியிடம்தான். அதையும் 99 என்று போட்டு மூடிவிட்டோம்.

அண்ணாச்சியைக் குறை சொல்லவில்லை. அவர் கடையை நடத்தினார். என் கணக்கை நான் ஒருநாளும் பார்க்காததுதான் தப்பு. எக்ஸெல் அப்படித்தான் கற்றேன், வெட்கத்தில்.

இப்போது உங்கள் கேள்விக்கு. புரோகிராமிங் தேவையா? தேவை. ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. "கணினியின் தலைமுறைகள், உள்ளீட்டுக் கருவி, வெளியீட்டுக் கருவி" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதைப் பள்ளியிலும் படித்தாயிற்று, பி.எட்.டிலும் ரெக்கார்டு நோட்டில் மவுஸ் படம் வரைந்து கலர் அடித்தாயிற்று.

2012ல் வேறொரு கல்லூரியில் முதல் முயற்சி செய்தேன். அது ஊற்றி மூடியது. அந்த வருட மின்வெட்டு நம் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. பகலில் கரண்டு வந்து வந்து போகும், யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. அதைவிடப் பெரிய தடை சாவி. லேப் சாவி அலுவலகத்தில் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்று மட்டும் உறையைக் கழற்றித் துடைத்து, சாமந்திப்பூ வைத்துத் திறப்பார்கள். மற்ற நாளில் கேட்டால் "புள்ளைய கீபோர்ட ஒடச்சிரும் மேடம்" என்று பதில் வரும்.

அந்தக் கல்லூரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேறு ஒன்றும் வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்தபோது என் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு ஐந்து மாதம் அலைந்தேன். "சேர்மன் ஊர்ல இல்ல", "பீரோ சாவி இல்ல", "அடுத்த வாரம் வாங்க." பத்தாம் வகுப்பிலிருந்து நான் உட்கார்ந்து படித்து வாங்கிய காகிதம், வேறொருவர் பீரோவில். ஒரு நல்ல வேலை அதனாலேயே கைவிட்டுப் போனது. சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறதா?

சரி. 2017ல், இப்போது இருக்கும் கல்லூரியில், மறுபடி ஆரம்பித்தேன். 22 பேர், 30 மணி நேரம். லேப்பில் ஓடும் கணினி ஒன்பது. மீதிக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். பாதிப் பேர் வீட்டில் அது இருந்தது, தம்பி படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வாரம் கணினியையே தொடவில்லை. எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். ஒருத்தி ஆமை, ஒருத்தி கட்டளை சொல்பவள். "முன்னே பத்து அடி, வலப்பக்கம் 90 பாகை திரும்பு." நான்கு தடவை சொன்னால் சதுரம். பிறகு முக்கோணம் நடக்கச் சொன்னேன். பி.எஸ்சி. கணிதம் படித்த பையன் யோசிக்காமல் "60 பாகை திரும்பு" என்றான். ஆமை மூன்று பக்கம் நடந்து முடித்தபோது புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை, வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றது. நடந்த தடத்தைச் சாக்பீஸால் இழுத்துப் பார்த்தால் தேன்கூட்டு அறையில் பாதி. உள்கோணம் 60தான், ஆனால் ஆமை திரும்ப வேண்டியது வெளிக்கோணம், 120. அந்தப் பையன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ரெண்டு வருசம் டியூசன் எடுத்திருக்கேன் மேடம், இத ஒரு பயகிட்டயும் நடந்து காட்டச் சொன்னதில்ல" என்றான்.

கல்வியியல் மாணவர்களுக்கு இந்த ஆமை ஏன் முக்கியம் என்றால், இதற்குப் பின்னால் இருப்பவர் அவர்களுக்குத் தெரிந்த ஆள். குழந்தையின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் நான்கு நிலைகளையும் தலைகீழாகச் சொல்வார்கள். அதே பியாஜேயோடு ஜெனீவாவில் 1958 முதல் 1963 வரை வேலை பார்த்தவர் சீமோர் பாப்பர்ட் என்ற கணிதக்காரர். அவரும் நண்பர்களும் 1967ல் குழந்தைகளுக்காக உண்டாக்கிய கணினி மொழிதான் லோகோ. ஆமை பிறகு அதில் வந்து சேர்ந்தது. கணினி குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதை விடக் குழந்தை கணினிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்பது அவர் கட்சி. அந்த ஆமை இன்றைக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் இலவசமாகவே இருக்கிறது. கற்றல் கோட்பாடு தாளில் மனப்பாடம் செய்தது கணினித் திரையில் நடமாடுவதைப் பார்த்தபோது, தமிழ் படித்த பிள்ளைகளுக்கும் பயம் கொஞ்சம் விட்டது. (பைத்தான் எதற்கு, கட்டளைத் துண்டுகளை இழுத்து அடுக்குகிற ஸ்கிராட்ச் போதாதா என்று சண்டைக்கு வராதீர்கள். ஸ்கிராட்ச் போதும். உங்களுக்கு எது கைவருமோ அது.)

அடுத்த வாரம் சுழற்சிக் கட்டளை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. நான் எழுதி வைத்திருந்த உதாரணம் ஒருவருக்கும் ஏறவில்லை. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து, "மேடம், எங்க அம்மை பீடி சுத்துத மாதிரியா?" என்றாள். சொல்லு என்றேன். "சொளவ மடியில வச்சிக்கிட்டு, எலைய எடுக்கணும், தூளப் போடணும், சுத்தணும், முனைய மடக்கணும், நூல் கட்டணும். இப்பிடி 25 ஆனா ஒரு கட்டு. 40 கட்டு ஆனா ஆயிரம். ஆயிரம் ஆனாத்தான் எந்திரிப்பாவ." உள்சுழற்சி 25, வெளிச்சுழற்சி 40. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. அன்றைக்கு வகுப்பை அவளிடமே விட்டுவிட்டேன். அவள் அம்மா எழுந்திருக்கும் நேரத்தையும் அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. இதை முன்னாலேயே வைத்திருக்க வேண்டும், நான் செய்த பிசகு. பிள்ளைகள் பழைய எழுத்துருக்களில் அடித்துக்கொண்டு வருவார்கள். மேலே தமிழ் தெரியும், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. வேறு கணினியில் திறந்தால் கிறுக்கல், தேடினால் கிடைக்காது, அகர வரிசையும் வராது. எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் யூனிகோடு, தமிழ் 99 விசைப்பலகை, இரண்டையும் முதல் நாளே பழக்கிவிடுங்கள். 1999ல் அரசே ஏற்ற விசைப்பலகை, இன்னும் கடைகளில் பழைய வழக்கம்தான்.

கடைசிப் பத்து மணி நேரம் அவரவர் ஆய்வேட்டுத் தரவு. அவரவர் கையால் நிரப்பி வாங்கிய 30 படிவம், காலியிடத்தோடு. சராசரி போடும் முன் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் பார்க்க வேண்டும் என்பது என் வகுப்புச் சட்டம். காலியிடத்தை விட்டுவிட்டால் எக்ஸெல் அதைச் சராசரியில் சேர்க்காது; "ஒன்றுமில்லைதானே" என்று 0 போட்டால் சேர்த்துக்கொண்டு சராசரியைக் கீழே இழுக்கும். இதை அவர்களே செய்து பார்த்துச் சண்டை போட வேண்டும். அதற்கு மேல் போகிறவர்களுக்கு ஆர், பிஎஸ்பிபி என்று புள்ளியியல் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் திருட்டுப் பிரதி வேண்டாம்.

எல்லோரும் தேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். 22 பேரில் ஐந்து பேர் கடைசிவரை பக்கத்தில் பார்த்துத்தான் செய்தார்கள். ஒருவன் இப்போதும் கடையில்தான் அட்டவணை வாங்குகிறான், நேரிலேயே சொன்னான். "இப்பத்தான் ஏஐ இருக்கே, இதெல்லாம் எதுக்கு" என்றும் கேட்பார்கள். அண்ணாச்சி கொடுத்த அட்டவணையும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாவி விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப் திறக்கும் என்று. மற்றதைப் பிறகு பார்க்கலாம். என் 30 மணி நேரப் பாடத்திட்டம் வேண்டுமென்றால் கருத்துப் பகுதியில் கேளுங்கள், அடித்துப் போடுகிறேன். இந்த வாரம் முடியாது, விடைத்தாள் கட்டு வந்து கிடக்கிறது.