‘டேம் பாஸ்’ என்று ஒன்று இல்லை

கேள்வி: மே மாதம் மதுரையிலிருந்து எங்கள் காரில் ஊட்டி போகிறோம். வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். ஊட்டி ஏரி, பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி என்ற நான்கு நீர்நிலைகளையும் பார்க்க ஆசை. இ-பாஸுக்கும் ‘டேம் பாஸு’க்கும் சேர்த்து ஒரு ஏஜென்ட் 3,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? எமரால்டில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். குளிக்கவும் விடாதீர்கள்.

வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைய எடுக்க வேண்டிய இ-பாஸ் இலவசம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு இது. அரசு இணையதளத்தில் செல்போன் எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் போதும். இதற்குக் காசு கேட்பவர் உங்கள் அவசரத்தை விற்கிறார். வண்டி எண் மாறிய பாஸைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கியவர் போனை எடுக்கவே இல்லை. 2025 கோடையில் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று வண்டிகளுக்கு வரம்பு வைத்தார்கள். ஆகவே தேதி முடிவானதும் நீங்களே எடுத்துவிடுங்கள்.

அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் வேண்டாம். இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வேன் பிடித்துப் போவது பேருந்தில் போவது ஆகாது. சுற்றுலாப் பேருந்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்தாலும் ஆகாது. மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து அங்கே வெளியூர் டாக்ஸி பிடித்தால், அந்த டாக்ஸியின் எண்ணுக்குப் பாஸ் வேண்டும். பேருந்து என்றால் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் அரசுப் பேருந்துக்குத்தான் இந்த விலக்கு.

‘டேம் பாஸ்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் படகு இல்லத்தில் டிக்கெட் எடுத்தால் படகில் ஏறலாம். அவலாஞ்சி வனத்துறை வசம் இருக்கிறது; காரை வாசலில் விட்டுவிட்டு, அங்கேயே சீட்டு வாங்கி அவர்கள் வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். எமரால்டைச் சாலையிலிருந்தே கண்குளிரப் பார்க்கலாம். அணை மின்வாரியத்துடையது, காடு வனத்துறையுடையது, படகு சுற்றுலாத் துறையுடையது. எங்கே போகலாம், எங்கே கூடாது என்று மூவரும் சேர்ந்து ஒரே ஒரு பலகை வைக்க இத்தனை ஆண்டுகளில் முடியவில்லை. ஏஜென்ட்டுகள் பிழைப்பது அந்தப் பலகை இல்லாததால்தான்.

இனி குளியல். ஊட்டி ஏரி 1820களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உருவாக்கியது. மற்ற மூன்றும் மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர். பைக்காராவில் 1932-லேயே மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், மழை வந்தால் ஏறும். மட்டம் இறங்கிய கரை வெயிலில் மேலே காய்ந்து தரை போலத் தெரியும், உள்ளே சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். அதைத் தாண்டினால் சரிவு சட்டென்று ஆழமாகிவிடும். தண்ணீரின் குளிரில் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே கை கால் விறைத்துப்போகும். கரையில் யாரோ குளிக்கிறார்களே என்று பார்த்து இறங்காதீர்கள்.

படகில் உயிர்காப்பு உடையைக் கொக்கி மாட்டி இறுக்கிப் போடுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே கேட்டு வாங்குங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், அதுவும் ஓர் அணை நீர்தான், படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், உயிர்காப்பு உடையும் அணிந்திருக்கவில்லை. போட்டோவுக்காக யாரும் எழுந்து நிற்க வேண்டாம்.

எமரால்டும் அவலாஞ்சியும் ஒரே பாதையில் வரும். அதற்கு ஒரு நாள் முழுதாக வையுங்கள். ஊட்டி ஏரியையும் பைக்காராவையும் இன்னொரு நாளில் முடித்துவிடலாம். அவலாஞ்சியில் உள்ளே போகும் வண்டி குலுக்கும். அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் எமரால்டோடு திரும்பிவிடுங்கள்.