முத்திரை போட்ட காப்பிக் கொட்டை: கூடுதல் காசு யாருக்கு?

வணக்கம் சகோதரி. ஜார்ஜ்டவுனில் காப்பிக் கடை திறக்கப் போகிறீர்கள், ஃபேர்ட்ரேட் (நியாய வணிகம்) முத்திரை போட்ட கொட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வேலையாட்களுக்குப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விவசாயிக்குப் போகும், ஆனால் கூலிக்காரருக்கும் போகும் என்று உறுதி சொல்ல முடியாது.

இந்த முத்திரையை நடத்தும் ஃபேர்ட்ரேட் இன்டர்நேஷனல் அமைப்பின் பொதுச்சபையில் பாதி ஓட்டு உற்பத்தியாளர்களுடையது, அது நல்ல விஷயம். ஆனால் தணிக்கை செய்யும் ஃபுளோசெர்ட் நிறுவனம் அந்த அமைப்புக்கே சொந்தமானது, கட்டணம் கட்டுவதும் சான்றிதழ் வாங்குகிறவர்தான். காப்பியில் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டுமே சான்று. பவுண்டுக்கு 20 அமெரிக்க சென்ட் கூடுதல் தொகை சங்கத்துக்குப் போய், அதை எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அறுவடைக்கு வந்து பழம் பறிக்கும் கூலிப் பெண்ணுக்கோ அங்கே ஓட்டு இல்லை. 2014இல் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் பார்த்தபோது, முத்திரை உள்ள இடங்களில் கூலி மேலாக இல்லை, சில இடங்களில் குறைவாகவே இருந்தது. என் பாட்டி கெடாவில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், எனக்கு இது மனசை உறுத்துகிறது.

சரி, வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தை விலை விழும்போது ஃபேர்ட்ரேட் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை சிறு விவசாயியைத் தாங்கும். சப்ளையரிடம் எந்தச் சங்கம் என்று பெயர் கேளுங்கள், அப்புறம் பறிக்கிறவர்களுக்கு நாள் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள்.