நண்பர் மாட்டிக்கொண்ட விஷயத்தில் தூதரகக் கடிதம் எழுதுபவர் நடுநிலையாக இருக்க முடியுமா?

முடியும். ஆனால் நட்பு போகலாம். எனக்குப் பாதி போயிற்று.

நான் மலேசியாவில் ரவாங் பக்கம் ரப்பர் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். கோலாலம்பூரில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் கடிதம் வரைவது என் வேலையாக இருந்தது. ஒருநாள் மேசைக்கு ஒரு புகார் வந்தது. உணவகத் தொழிலாளி ஒருவரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருக்கிறார், மூன்று மாதச் சம்பளம் பாக்கி. முதலாளி பெயரைப் பார்த்தேன். தோட்டப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

விஷயம் அவன் காதுக்கும் எட்டிவிட்டது. சனிக்கிழமை ரவாங் கடையில் இரண்டு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு, "டேய், பிடுங்கினாருன்னு எழுதாத. பாதுகாப்புக்கு வாங்கி வெச்சிருக்காருன்னு போடு. ஒரு சொல்லுதானே?" என்றான். ஒரு சொல்தான். ஆனால் மலேசியாவின் 1966 பாஸ்போர்ட் சட்டப்படி, உரிய அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதே குற்றம். அந்த ஒரு சொல் குற்றத்தை உபகாரமாக்கிவிடும்.

வெளியுறவு அமைச்சுக்குப் போகும் தூதரகக் குறிப்பில் 'நான்' என்ற சொல்லே வராது. "தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவித்து..." என்று தொடங்கும். முழுக் கையெழுத்து இல்லை, முத்திரையும் சுருக்கொப்பமும்தான். வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 1949-ஐச் சொல்வார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தில் துப்பாக்கியோடு பிடிபட்டார், பிரிட்டிஷ் ஆட்சியில் தூக்கு விதித்தார்கள். அப்போது மலாயாவில் இந்தியப் பிரதிநிதி ஜான் திவி, ம.இ.கா. என்ற மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவராக இருந்தவர். இருவரும் நேதாஜி இயக்கத்தில் இருந்தவர்கள். திவி உயிர்ப்பிச்சை கேட்டது பழைய தோழராக அல்ல, இந்திய அரசின் குரலாக. அப்படிக் கேட்டும் மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். "கேட்டும் விடல" என்பார் அப்பா, வேறொன்றும் சொல்ல மாட்டார்.

சரி, என் கதை. திங்கள் காலை அதிகாரியிடம், "இவர் என் சிநேகிதர்" என்று சொல்லிக் கோப்பைக் கொடுத்துவிட்டேன். வேறொருவர் எழுதினார். அதற்கு முதல் நாளே அவனுக்குப் போன் செய்து, "பாஸ்போர்ட்டைக் கொடுத்துடு" என்றும் சொல்லியிருந்தேன். அது சரியா என்று இன்றும் குழப்பம்தான். பாஸ்போர்ட்டை அன்றே கொடுத்துவிட்டான், சம்பளம்தான் இழுத்தது.

இப்போதும் அதே கடையில் பார்த்துக்கொள்கிறோம். தே தாரிக்குக் காசை அவரவர் கொடுத்துக்கொள்கிறோம்.