மண்டபத்துப் போர்டு தூண் மூணு தடவை சாஞ்சுட்டுன்னா, கோளாறு தூண்ல இல்ல அண்ணாச்சி

கேள்வி: பாளையங்கோட்டைல சின்னதா ஒரு கல்யாண மண்டபம் வச்சிருக்கோம். கார் நிப்பாட்டுற எடத்துல 'உள்ளே', 'வெளியே', 'வேன் நிறுத்தக் கூடாது'ன்னு போர்டு வச்ச தூண் எட்டு மாசத்துல மூணு விழுந்துட்டு. ரெண்டு கான்கிரீட்டோட பிடுங்கிக்கிட்டு சாஞ்சது, ஒண்ணு தரையோட தரையா முறிஞ்சது. இப்ப ஒருத்தர் வந்து, நாலு இஞ்ச் பைப்புல கான்கிரீட் ரொப்பித் தாரேன், லாரி மோதினாலும் அசையாதுங்காரு. தூண் ஒண்ணுக்கு 18 ஆயிரம் கேக்காரு, எங்களுக்கு ஆறு வேணும். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. அவரு சொல்லுதது பொய்னா உங்க துட்டு போச்சு, நெசம்னா அதைவிட மோசம், ஏன்னா அசையாத தூண்ல மோதுதது லாரி இல்ல, உங்க மண்டபத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரோட கார். பம்பர் உள்ள போயி டிக்கி தொறக்காம நிக்கும்போது முகூர்த்த நேரத்துல யாரு வந்து பஞ்சாயத்து பண்ணுவாவ? நீங்க தேடுதது மோதினா அசையாத தூண் இல்ல, மோதினாலும் காருக்கும் ஆளுக்கும் ஒண்ணும் ஆகாம, மறுநாள் காலைல பத்து நிமிஷத்துல நிமித்தி வைக்கக்கூடிய தூண். இது ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கணக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், பயப்படாதீங்க. 1200 கிலோ கார் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல வந்து முட்டுதுன்னு வைங்க, அது 50 கிலோ சிமெண்ட் மூட்டைய முப்பது அடி உயரத்துல இருந்து போடுததுக்கு சமம். அதே கார் 5 கிலோமீட்டர்ல வந்தா எட்டு அடி உயரம்தான். வேகம் பாதியானா மோதுத பலம் காவாசி ஆயிரும். அப்புறம் அந்த காரை ரெண்டு இஞ்சுக்குள்ள நிப்பாட்டணும்னா சராசரியா ஒம்பது டன் விசை வேணும், ஒன்றரை அடிக்கு மெதுவா வளைஞ்சு குடுத்து நிப்பாட்டினா ஒரு டன் போதும். தூண் வளைஞ்சா அது தோத்துட்டுன்னு நினைக்கோம், வளையுததுதான் அதோட வேலையே.

இப்ப உங்க தூணுக்கு வருவோம். ரெண்டு தூண் கான்கிரீட்டோட பிடுங்கிட்டுன்னு எழுதியிருக்கீங்க பாத்தியளா, அதுலயே பதில் இருக்கு. பைப்பு வளையல, அஸ்திவாரந்தான் எந்திரிச்சு வந்திருக்கு. வழக்கமா நம்ம ஊர்ல என்ன பண்ணுதாவன்னா ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்துல குழி, அதுல போற கான்கிரீட் மொத்தம் நூறு கிலோ. சாதாரண 50 எம்எம் மீடியம் பைப்பே பம்பர் உயரத்துல அரை டன் தள்ளினாத்தான் மடங்கும். நாலு இஞ்ச் பைப்பு மடங்கணும்னா ரெண்டரை டன் வேணும். அந்த நூறு கிலோ காலு ரெண்டரை டன்ன தாங்குமா? ஆளு பயில்வான், காலு வாழைத்தண்டு. மறுபடியும் அடியோட சாயும், இந்தவாட்டி 18 ஆயிரத்தோட சாயும். அந்த எஸ்டிமேட்டை எடுத்து பாருங்க, பைப்பு சைஸ் இருக்கும், பெயிண்ட் பேரு இருக்கும், குழி ஆழம் எங்கயும் இருக்காது. இல்லன்னா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன்.

மூணாவது, தரையோட முறிஞ்சது, அது துரு. கான்கிரீட்டும் பைப்பும் சேருத எடத்துல சின்னதா ஒரு குழி மாதிரி இருக்கும், மண்டபம் கழுவுத தண்ணி அதுல நிக்கும், மேல பாத்தா பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள அப்பளம். கொத்தனார்ட்ட கான்கிரீட் தலைய தரைக்கு மேல ரெண்டு இஞ்ச் ஏத்தி, குடை மாதிரி சரிவு குடுக்கச் சொல்லுங்க, செலவே இல்லாத வேலை, நூத்துக்கு தொண்ணூறு பேரு செய்யமாட்டாவ.

தூணைத் தொடுததுக்கு முன்னாடி காரை நிப்பாட்டுங்க. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதில நின்னு பாத்திருப்பீங்கல்லா, அவ்வளவு பெரிய தேரை நிப்பாட்ட யாராவது முன்னால தூண் நட்டு வச்சிருக்காவளா? சக்கரத்துக்கு அடியில ஒரு கட்டை, அவ்வளவுதான். அதே வேலைதான் வீல் ஸ்டாப்பர். நாலு இஞ்ச் உயரம் போதும், அதுக்கு மேல போனா தாழ்வான காரோட பம்பர்ல இடிக்கும். தூணுக்கும் கட்டைக்கும் நடுவுல நாலு அடி விடுங்க, ஏன்னா சக்கரம் கட்டையில நின்னப்புறமும் காரோட பின்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், இன்னோவா மாதிரி வண்டிக்கெல்லாம் மூணு அடி கிட்ட நீட்டும். ரிவர்ஸ் சென்சார் இருக்கேன்னு நம்பாதீங்க, ஒல்லியான உருண்டைக் கம்பிய பலதும் கண்டுபிடிக்காது. தூண்ல ரெண்டரை அடியிலிருந்து நாலு அடி வரைக்கும் மஞ்சளும் கறுப்புமா பட்டை, ராத்திரிக்கு ஒளிருத டேப்பு, அதை ஒட்டிருங்க. திருப்பத்துல நிக்க தூணை எடுத்து சுவத்துல போர்டா அடிச்சிருங்க, வேன் திரும்பும்போது முன்பக்கம் தப்பிச்சிரும், பின்சக்கரத்துக்கு அப்புறம் நீளுத வாலுதான் வெளிய வீசி தூணைத் தட்டும், டிரைவருக்குத் தட்டினதே தெரியாது. ஆறு தூண்ல ரெண்டு இப்படியே கழிஞ்சிரும்னு நினைக்கேன். உங்களுக்கு துட்டு மிச்சம், 18 ஆயிரக்காரருக்கு வருத்தம்.

மிச்ச நாலுக்கு நான் பட்டறைல வழக்கமா செய்ய முறை இதுதான். 65 எம்எம் மீடியம் பைப்புல ரெண்டடி துண்டு ஒண்ணு வெட்டி, அதை மட்டும் கான்கிரீட்ல புதைக்கணும். இது உறை. இதுக்குள்ள 50 எம்எம் பைப்பை இறக்கினா சுத்தி நாலு எம்எம் இடைவெளிதான் இருக்கும், ரெண்டு ஆப்பு அடிச்சு குறுக்க ஒரு போல்ட் போட்டா ஆடாது. உறையோட அடி மூடக்கூடாது, கீழ ஒரு சட்டி ஜல்லி கொட்டி அதுமேல நிறுத்தணும், அப்பத்தான் உள்ள எறங்குத தண்ணி மண்ணுக்குள்ள போகும். கார் முட்டினா உள்பைப்பு மடங்கும், உறைக்கு ஒண்ணும் ஆகாது, போல்டைக் கழட்டி, மடங்கினதை உருவிட்டு வேற ஒண்ணை சொருகுங்க. ரெண்டு பைப்பு கூடுதலா வெட்டி ஸ்டோர் ரூம்ல போட்டு வச்சுக்கிடுங்க. ஒண்ணு மறந்துறக்கூடாது, உறை சேதமாகாம இருக்கணும்னா அஸ்திவாரம் அந்த அரை டன்னுக்கு மேல தாங்கணும், அதனால ஒன்றரைக்கு ஒன்றரை அடி, ரெண்டரை அடி ஆழம், அதுல குறையக்கூடாது. மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசலா இருந்தா இன்னும் ஒரு அடி சேத்துக்கிடுங்க, கோடையில அந்த மண்ணு பிளந்து விட்டுரும்.

பேவர் பிளாக் போட்ட தரைன்னா, தயவுசெஞ்சு கல்லு மேல பிளேட்டை வச்சு ஆங்கர் போல்ட் அடிக்க விடாதீங்க. ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நானே பாத்தேன், புதுசா வச்ச தூணைக் கையால சும்மா சாச்சேன், நாலு பேவர் கல்லோட தட்டு மாதிரி மேல வந்துட்டு, அடியில எம்சாண்டு, அதுக்கும் அடியில காலி சிமெண்ட் பை. வேலைய முடிச்சு பில்லும் பாஸ் ஆகி மூணு வாரம் ஆயிருந்தது. டெண்டர்ல தூணுக்கு எண்ணிக்கை எழுதுதாவ, பெயிண்டுக்கு எத்தனை கோட்டுன்னு எழுதுதாவ, அளக்க வாரவரு குழிய மூடினப்புறம் வாராரு. மண்ணுக்கு அடியில இருக்கது யாரு கண்ணுக்கும் தெரியாது, அதனால அதுக்கு யாரும் துட்டு குடுக்கதும் இல்ல, செய்யதும் இல்ல, விழுந்தா டிரைவர் மேல பழி.

இப்ப பைப்பு வாங்குத கதை, இதுலதான் எனக்கு வயித்தெரிச்சல். ரெண்டு இஞ்ச் பைப்புன்னு ரெண்டு சாமான் கடையில இருக்கு. ஐஎஸ் 1239ங்கத இந்தியத் தர விதிப்படி வார 50 எம்எம் மீடியம் பைப்பு, வெளிய 60 எம்எம் இருக்கும், நீலப் பட்டை போட்டிருக்கும், லைட்டுக்கு மஞ்சள், ஹெவிக்கு சிவப்பு. இன்னொண்ணு சேர், கட்டிலு செய்ய ரெண்டு இஞ்ச் டியூபு, 16 கேஜ். பில்லுல ரெண்டும் 'ரெண்டு இஞ்ச் பைப்பு'தான். பட்டைய நம்பாதீங்க, நீல பெயிண்ட் ஒரு டப்பா எங்கயும் கிடைக்கும். தராசுல வைங்க. ஆறு மீட்டர் நீளம் மீடியம்னா முப்பது கிலோ நிக்கும், டியூபுன்னா பன்னெண்டு கிலோ. ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின பைப்புன்னு சொல்லி வெள்ளி பெயிண்ட் அடிச்சு குடுக்கதும் உண்டு, பெட்ரோல் தொட்ட துணியால தேச்சுப் பாருங்க, துணி வெள்ளியானா அது ஜிஐ இல்ல. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தூண்னு ஒருத்தர் காந்தத்தை வச்சுக் காமிச்சு 'ஒட்டலயே, 304தான்'ம்பாரு, 304ங்கது நல்ல ரகம். மட்ட ரகம் 202வும் ஒட்டாது. திசையன்விளை, உவரிப் பக்கம் கடல் காத்துல அந்த 202 சீக்கிரமே செம்மண் கலருக்கு வந்துரும்.

நீங்க கேக்காட்டியும் சொல்லுதேன், அடுத்து ஒருத்தர் ஸ்பிரிங் தூண் கொண்டு வருவாரு. உடைச்ச லாரியோட ஸ்பிரிங்கை பைப்போட வெல்டு வச்சு. ஸ்பிரிங் இரும்புல அப்படி வெல்டு வச்சா வெல்டுக்குப் பக்கத்துல கண்ணாடி மாதிரி ஆயிரும், ஒரு நாள் 'டொக்'னு விடும். கிளாம்ப்ல பிடிக்கணும். நல்லா பிடிச்சிருந்தாலும் சாஞ்ச தூண் சாட்டை மாதிரி திரும்பி வந்து பக்கத்துல நிக்க புள்ள மூஞ்சில அடிக்கும், மண்டபத்துல அது வேண்டாம். பாலியூரிதேன்ல, அதாவது ரப்பர் மாதிரி வளையுத பிளாஸ்டிக்ல வார ரெண்டரை அடி வளையுத கம்பம் நல்ல சாமான்தான், பாதை பிரிக்கதுக்கு வைக்கலாம், ஆனா ஒண்ணை வாங்கி தரையோட மடக்கி விட்டுப் பாத்துட்டு மிச்சத்தை வாங்குங்க, வெறும் பிளாஸ்டிக்கை ஆரஞ்சு கலர்ல விக்காவ, நம்ம சித்திரை வெயிலுக்கு அது பொரி மாதிரி நொறுங்கும். ஹைவேல வைக்க முறிஞ்சு விழுத தூணும் உங்களுக்கு ஆகாது, அது வேகமா வார காருக்குள்ள இருக்க ஆளைக் காப்பாத்த செஞ்சது, நடந்து போறவுக தலையில விழுந்தா யாரு பொறுப்பு?

'கிராஷ் டெஸ்ட் பண்ணினது, எம்30' அப்படின்னு பிரவுச்சர் காமிச்சா அமைதியா பேப்பரைக் கேளுங்க. எம்30ங்கது 6800 கிலோ லாரி மணிக்கு 30 மைல் வேகத்துல மோதுத சோதனை, உங்க பார்க்கிங்ல கார் மோதுத பலத்தைவிட நூறு மடங்குக்கு மேல. பார்க்கிங் மாதிரி எடத்துக்குன்னே அமெரிக்காவுல ஏஎஸ்டிஎம் எஃப்3016ன்னு தனியா ஒரு சோதனை முறை இருக்கு, 5000 பவுண்டு வண்டி, 10, 20, 30 மைல். பட்டறைல செஞ்ச தூணுக்கு இதுல எந்தச் சீட்டும் இருக்காது, பேப்பர் கேட்டதும் பேச்சு மாறும்.

வளையணும் வளையணும்னு இவ்வளவு சொல்லிட்டு ஒரு எடத்துல மட்டும் தலைகீழா சொல்லுதேன், கவனமா கேளுங்க. சமையல்கட்டுக்குப் பின்னால சிலிண்டர் அடுக்கி வச்சிருப்பீங்கல்லா, ஜெனரேட்டர், இபி பெட்டி, அங்கன வளையுத கதையே கிடையாது. அங்க கார் போகவே கூடாது. அதுக்கு மட்டும் அந்த நாலு இஞ்ச் பைப்பு கான்கிரீட் ரொப்பினது சரி. அளவுக்கு இன்டர்நேஷனல் ஃபயர் கோடுங்கத தீப் பாதுகாப்பு விதிப் புத்தகத்துல எழுதியிருக்கதை அப்படியே எடுத்துக்கிடலாம், எனக்குத் தெரிஞ்சு இதைவிட எளிசா யாரும் எழுதல: நாலு இஞ்ச் இரும்புப் பைப்பு, உள்ள கான்கிரீட், தூணுக்கும் தூணுக்கும் நாலு அடிக்கு மேல போகக்கூடாது, மூணு அடி ஆழம், பதினஞ்சு இஞ்ச் குறுக்களவு அஸ்திவாரம், தரைக்கு மேல மூணு அடி, காக்க வேண்டிய சாமான்ல இருந்து மூணு அடி தள்ளி. இந்தக் கடைசி மூணு அடியத்தான் எல்லாரும் விட்டுருதாவ. சிலிண்டரை ஒட்டி தூண் நட்டா, தூண் கொஞ்சம் சாஞ்சாலும் அதுவே சிலிண்டரை முட்டும், காரே முட்டினது மாதிரிதான். இடம் இல்லன்னா சிலிண்டரை நகத்துங்க, தூணை நகத்தாதீங்க. அந்தத் தூண்ல போர்டும் மாட்டாதீங்க. போர்டு மாட்டினா ஆளு அதுல சாஞ்சு நிப்பாரு, பைக்கை ஒட்டி நிப்பாட்டுவாரு, முன்னால கூட்டம் சேரும். போர்டை சுவத்துல வைங்க. 18 ஆயிரக்காரரைக் கூப்பிடணும்னா இதுக்கு மட்டும் கூப்பிடுங்க, குழி மூணு அடி தோண்டினப்புறம் நீங்களே டேப்பு போட்டு அளந்து, போனுல போட்டோ எடுத்துட்டு அப்புறம் கான்கிரீட் கொட்டச் சொல்லுங்க. பாதித் துட்டு அந்த போட்டோவுக்கு அப்புறம்.

போர்டோட அடி விளிம்பு ஏழு அடி உயரத்துல இருக்கட்டும், தலையில இடிக்காது. தகடு மூலைய உருட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு, விழுந்த மூணு தூண்ல ஒண்ணாவது கார் தட்டி விழுந்திருக்காதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். மாப்பிள்ளையோட கூட்டாளிமாரு நாலுக்கு ஆறு அடி ஃபிளெக்ஸை உங்க 'உள்ளே' போர்டு தூண்லதான கட்டுதாவ? ஆனி ஆடிக் காத்து 60 கிலோமீட்டர்ல அடிச்சா அந்த ஃபிளெக்ஸ் நாப்பது கிலோவுக்கு மேல இழுக்கும், ராத்திரி பூரா விட்டு விட்டு ஆட்டும், நூறு கிலோ காலு அதுக்கே தளந்துரும், காலைல பால்காரன் சைக்கிள் பட்டாக்கூட சாயும். புக்கிங் ரசீதுல ஒரு வரி சேத்து, ஃபிளெக்ஸ் கட்ட கேட்டுப் பக்கம் தனியா ரெண்டு சவுக்குக் கம்பு நட்டுக் குடுத்துருங்க.