கிட் வந்தும் வகுப்பு மாறாதது ஏன்?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை நான். கணிதப் பெட்டி, அறிவியல் பெட்டி, ஸ்மார்ட் போர்டு எல்லாம் எங்கள் பள்ளியில் இருக்கின்றன. பயிற்சிகளுக்கும் போய் வந்திருக்கிறேன். பொருள்களை வகுப்பில் எடுத்துப் பயன்படுத்தவும் செய்கிறேன். அந்த ஒரு பீரியட் பிள்ளைகள் குஷியாக இருக்கிறார்கள். மறுநாள் கேட்டால் பழைய கதைதான். பின்ன வகுத்தலில் ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்பதைத் தாண்டி எதுவும் நிற்பதில்லை. குறை என்னிடமா, பொருள்களிடமா? புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டியது அதிகம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் நீங்களே கொடுத்திருக்கும் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பின்ன வகுத்தல் கணித ஆசிரியர் உலகத்தில் பேர்போன இடம்.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர், அமெரிக்காவிலும் சீனாவிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரே கணக்கைக் கொடுத்தார்: 1¾ ÷ ½. விடை காணுங்கள், பிறகு இந்தக் கணக்குக்குப் பொருந்தும்படி ஒரு கதை சொல்லுங்கள் என்றார். 1999-இல் வெளியான அந்த ஆய்வில் அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர், சீன ஆசிரியர்கள் 72 பேர். அமெரிக்கத் தரப்பில் பாதிக்கும் குறைவானவர்களே விடையைச் சரியாக முடித்தார்கள். பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீனத் தரப்பில் எல்லோரும் விடை கண்டார்கள், பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்தச் சீன ஆசிரியர்களில் பலர் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள். கையில் இருந்தது மெலிந்த பாடப்புத்தகமும் ஆசிரியர் கையேடும். அந்தப் புத்தகத்தைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து, இந்த இடத்தில் பிள்ளை என்ன நினைக்கும், இந்தக் கணக்கு ஏன் இதற்கு முன்னால் வருகிறது என்று வரி வரியாகப் பேசுவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. அவர்களிடம் இருந்த வளம் அதுதான். பொருளாகப் பார்த்தால் உங்கள் பள்ளியில் இருப்பதை விடக் குறைவு.

கதை சொல்லத் தடுமாறியவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்தால் நமக்கும் விஷயம் புரியும். பலர் ‘ஒன்றே முக்கால் பீட்சாவை இரண்டு பேருக்குப் பங்கு போடு’ என்ற மாதிரி சொன்னார்கள். அது அரையால் வகுப்பது இல்லை, இரண்டால் வகுப்பது. நம் வகுப்புகளிலும் நடக்கும். வகுத்தல் என்றால் பங்கு போடுவது என்ற ஒரே எண்ணம் மனதில் இருந்தால், அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? கதை அங்கேயே நின்றுவிடுகிறது. கதை நின்ற இடத்தில் விதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது அதே கணக்கை அளப்பதாக மாற்றிப் பாருங்கள். ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது. அரை லிட்டர் சொம்பால் அளந்தால் எத்தனை சொம்பு? மூன்று சொம்பு நிரம்பிவிடும், கால் லிட்டர் மிஞ்சும். பிள்ளைகளில் பாதிப் பேர் 3¼ என்று எழுதுவார்கள். விடை 3½. இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் எல்லாம். கணிதம் என்பது சரியான விதிகளின் தொகுப்பு என்று நினைக்கிறவர், ‘7/4-ஐ 2/1-ஆல் பெருக்கு, 14/4, மூன்றரை, பார்த்தாயா’ என்று திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார். அவர் கையில் பின்னப் பட்டைகளைக் கொடுத்தாலும் விதி சொன்ன விடையைச் சரிபார்க்கத்தான் அவை பயன்படும். இன்னொருவர் அந்த 3¼-ஐக் கரும்பலகையில் எழுதி வைத்து, ‘மிஞ்சியது எதில் கால்? எதில் அரை?’ என்று கேட்பார். லிட்டரில் கால், சொம்பில் அரை. நாம் எண்ணிக்கொண்டிருப்பது சொம்பை. இது பிடிபட ஒரு பீரியட் முழுக்க ஆகலாம், ஆகட்டும்.

அது பிடிபட்ட பிறகு தலைகீழாக்கும் விதி தானாகவே வந்துவிடும். ஒரு லிட்டருக்கு இரண்டு அரை லிட்டர் சொம்பு. எனவே எத்தனை லிட்டரோ அதைப் போல இரண்டு மடங்கு சொம்பு. சரி, முக்கால் லிட்டர் சொம்பு என்றால்? ஒரு லிட்டர் பால் ஒரு சொம்பை நிரப்பிவிட்டு, மிஞ்சும் கால் லிட்டரால் அடுத்த சொம்பில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். ஆக ஒரு லிட்டருக்கு 4/3 சொம்பு. ¾ எப்படி 4/3 ஆனது என்று பிள்ளை கையால் அளந்து பார்த்துவிட்டது. இதற்கு ஒரு சொம்பு, ஒரு குடம் தண்ணீர் போதும். (பால் வேண்டாம், சத்துணவு அக்கா சும்மா விடமாட்டார்.)

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். ஒரு பொருளை நாம் எதற்காக எடுக்கிறோம் என்பதை, பாடம் என்றால் என்ன, பிள்ளை எப்படிக் கற்கிறது என்று நம் மனதில் இருக்கும் எண்ணமே தீர்மானிக்கிறது. அந்த எண்ணத்தை நாம் யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியதில்லை. பெரும்பாலும் நம் பள்ளி வாத்தியார்களிடமிருந்து வந்தது அது. டேவிட் கோஹன் என்ற கல்வி ஆய்வாளர் 1990-இல் கலிபோர்னியாவின் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவரைப் பற்றி எழுதினார். மாநிலம் கணிதக் கற்பித்தலை மாற்றச் சொன்னது, அந்த அம்மாவும் மனதார மாறினார். அவரைக் கேட்டால் தன் வகுப்பு அடியோடு மாறிவிட்டது என்பார். இடமதிப்பு சொல்லித்தர அவரை விதையும் கப்பும் கொடுத்தார். ஆனால் கோஹன் பார்த்தது, பிள்ளைகள் எல்லோரும் சொன்னபடி ஒரே நேரத்தில் அவரை விதையை எண்ணிக் கப்பில் போடுவதை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. பொருளைத் தொட்டாலே புரிந்துவிடும் என்று அந்த ஆசிரியை நம்பினார். நம்மூரில் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோதும் இதையே பார்த்தோம். அட்டையை முடிப்பதே வேலை என்றான வகுப்புகளும் உண்டு, அதே அட்டையை வைத்துப் பிள்ளைகளோடு பேசிய வகுப்புகளும் உண்டு.

ஆனால் பழி முழுவதையும் உங்கள் தலையில் போடவும் நான் தயாரில்லை. பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வரும் பல்புக்கு ஹோல்டர் இருக்கும், செல்லுக்கும் ஹோல்டர் இருக்கும். இரண்டு ஒயரை மாட்டினால் பல்பு எரியும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். பிள்ளை யோசிக்க வேண்டிய ஒரே இடத்தை அந்த ஹோல்டர் மூடி மறைத்துவிட்டது. ஹோல்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் கொடுத்துப் பாருங்கள். எரிய வை என்பதற்கு முன்னால், எப்படி வைத்தால் எரியும் என்று நோட்டில் படம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் செல்லின் மேல்முனையிலிருந்து பல்பின் அடிக்கு ஒரு ஒயர் போகும், அவ்வளவுதான். குழாயிலிருந்து தண்ணீர் வருவது போல் செல்லிலிருந்து பல்புக்கு மின்சாரம் வருகிறது என்பது அவர்கள் எண்ணம். பல்பிலும் ஒயர் தொட வேண்டிய இடம் இரண்டு உண்டு, ஒன்று அடிநுனி, ஒன்று பக்கவாட்டு உலோகம் என்பது அப்போதுதான் தெரியவரும். படித்துப் பட்டம் வாங்கிய பெரியவர்களும் இந்த ஒற்றை ஒயர் சோதனையில் திணறுவது உலகம் முழுக்கப் பலமுறை பதிவான விஷயம், எனவே உங்கள் சக ஆசிரியர்களிடமும் முயன்று பார்க்கலாம். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

அடுத்த படி இன்னும் சுவாரசியமானது. ஒரே மாதிரி இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்று முன்கூட்டியே கேளுங்கள். முதல் பல்பு மின்சாரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், இரண்டாவதுக்குக் குறைவாகத்தான் போகும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். கடைப் பல்புகளில் சின்ன வித்தியாசம் இருப்பதால் ஒன்று லேசாக மங்கித் தெரியலாம். அப்போது இரண்டையும் இடம் மாற்றுங்கள். மங்கல் பல்போடு சேர்ந்து நகர்ந்தால் காரணம் பல்பு, இடம் இல்லை. இந்த இடமாற்றம் பாடத்தின் பாதி வேலையைச் செய்துவிடும்.

‘பொருள்களிடமா’ என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஒரு உபகரணத்தை எடுக்கும்போது, இதை வைத்துப் பிள்ளை எதையாவது முடிவு செய்ய வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வேடிக்கை. ஸ்மார்ட் போர்டு வீடியோவுக்கும் இதே கதை. விடை தெரிவதற்கு முந்தைய நொடியில் நிறுத்துங்கள், கை தூக்கச் சொல்லுங்கள், எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அப்புறம் ஓட விடுங்கள்.

நம் எண்ணத்தை எப்படி மாற்றுவது? பயிற்சி அறையில் ‘மாணவர் மையக் கற்றல்’ என்று கேட்டு மாறுவதில்லை. நம் பிள்ளைகளின் தவறுகளைப் பார்த்து ஆச்சரியப்படும்போது மாறும். ஆகவே பாடக்குறிப்பு எழுதும்போது ஓரத்தில் இரண்டு வரி சேருங்கள்: இன்றைக்குப் பிள்ளைகள் என்ன தவறான விடை சொல்வார்கள், அப்படிச் சொல்வதற்கு அவர்களிடம் இருக்கும் நியாயம் என்ன. 3¼ மாதிரி. வகுப்பு முடிந்ததும் நீங்கள் எதிர்பார்க்காத விடை வந்திருந்தால் அதையும் குறியுங்கள். ஒரு பாடத்தை எந்த உதாரணத்தால் சொல்வது, பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்ற இந்த அறிவு பாட அறிவும் இல்லை, பொதுவான கற்பித்தல் திறமையும் இல்லை, ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்று 1986-இல் லீ ஷுல்மன் என்ற கல்வி ஆய்வாளர் எழுதினார். எம்.எஸ்சி. படித்தவருக்கு அது தானாக வந்துவிடாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்துக்குப் போகும்போது மாதிரிப் பாடத்துக்குப் பதில் நாலு பிள்ளைகளின் நோட்டை எடுத்துப்போய் நடுவில் வையுங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய முடியாது. போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது, புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் இருக்கின்றன, கைடும் இருக்கிறது. பிள்ளைகள் புரிந்து படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஸ்லிப் டெஸ்ட்டில் விதியை மட்டும் கேட்டால், எது முக்கியம் என்பதை அவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். பருவத்துக்கு இரண்டு பாடம் போதும். அந்தப் பாடங்களுக்கான தேர்வில் ஒரு கேள்வியை மட்டும் மாற்றுங்கள்: ‘கவிதா 3¼ என்று எழுதினாள். ஏன் அப்படி எழுதியிருப்பாள்?’

இனி வாங்க வேண்டியவை. எலக்ட்ரிக் கடையில் இழை உள்ள டார்ச் பல்பு கேளுங்கள், 2.5 வோல்ட். இப்போது கடைகளில் எல்.இ.டி.யைத்தான் கொடுப்பார்கள். அது வேண்டாம், வெள்ளை எல்.இ.டி. ஒற்றை செல்லில் எரியாது, முனை மாற்றி வைத்தாலும் எரியாது, பாடம் குழம்பிவிடும். 1.5 வோல்ட் செல் ஒன்றில் இந்தப் பல்பு மங்கலாகத்தான் எரியும், வகுப்பில் ஜன்னல் பக்கம் கொஞ்சம் மறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்பு சோதனைக்கு மூன்று செல்கள் தேவைப்படும். ஒயரைச் செல்லின் இரு முனைக்கும் நேராக இணைத்தால் சூடாகும், சட்டென்று விட்டுவிடச் சொல்லுங்கள். சுவர் பிளக் பக்கம் யாரும் போகக்கூடாது. அப்புறம், பெட்டி தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தால், உடைந்த பொருளை இருப்புப் பதிவேட்டில் எப்படிக் கழிப்பது என்று இப்போதே அவரிடம் பேசி முடித்துவிடுங்கள். அந்தப் பயம் தீராமல் பெட்டி வெளியே வராது.