பத்திரம் படிக்கிற பொண்ண கம்ப்யூட்டர் சயின்ஸ்ல தள்ளாதீங்க அண்ணே

கும்பகோணம் பக்கம் ஒரு அண்ணன், சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசல்ல பத்திர எழுத்தரா இருக்கறவரு, போன வாரம் அண்ணியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு போன் போட்டாரு. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சாச்சு, மார்க் பரவால்ல, கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்ட காலேஜ்ல விழல, மேனேஜ்மென்ட் கோட்டால ஒரு சீட் இருக்காம், ஹாஸ்டலோட சேத்து நாலு வருஷத்துக்கு 14 லட்சம், வீட்ட அடமானம் வச்சு கட்டிடலாம்னு டெக்சாஸ்ல இருக்கற பெரியப்பா பையன் ஐடியா குடுத்திருக்காரு. அவரு காசு தரேன்னு சொல்லல, ஐடியா மட்டும்தான்.

பொண்ணு என்ன சொல்றான்னு கேட்டேன். அண்ணி அழுதுட்டாங்க. "ஸ்பெயின்ல அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்தவங்களா மாறுன யூதங்க என்ன ஆனாங்கன்னு அங்க இருக்கற ஜமீன் வீட்டு கணக்கு நோட்டுல தேடணுமாம் தம்பி, இதெல்லாம் ஒரு படிப்பா, மாமியார் வீட்டுல கேட்டா என்னன்னு சொல்றது."

கவலப்படாதீங்க, இந்த வயசுல இப்படி ஏதாவது ஒண்ணுல விழறது சகஜம், அப்படின்னு ரெண்டு வார்த்தை சொன்னேன். அதோட ஆறுதல் போதும்னு நினைக்கறேன், இப்ப நேரா பேசறேன் அண்ணே.

வீட்ட அடமானம் வச்சு அந்த சீட்ட வாங்காதீங்க. அந்த காலேஜ்ல போன வருஷம் எத்தன பேருக்கு என்ன சம்பளத்துல வேல கிடைச்சதுன்னு பேப்பர்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, குடுக்க மாட்டாங்க, குடுத்தாலும் அதுல பாதி டிரெயினிங் பீரியட் சம்பளமா இருக்கும். கோடிங் புடிச்ச பிள்ளைங்களே இப்ப திணறிக்கிட்டு இருக்காங்க, புடிக்காத பிள்ளைய கடன் வாங்கி அனுப்பி அரியர் வச்சுட்டு வந்து நிக்கறத நான் நிறைய பாத்திருக்கேன், அப்ப டெக்சாஸ் பெரியப்பா பையன் வட்டி கட்ட வரமாட்டாரு. பிகாம், சட்டம், நர்சிங், டிஎன்பிஎஸ்சி இதெல்லாம் உங்க தெருவுலயே நாலு பேரு சொல்லுவாங்க, அதனால நான் அதுக்குள்ள போகல. உங்க பொண்ணு சொன்னத மட்டும் பேசறேன், ஏன்னா அது கிறுக்குத்தனம் இல்ல, உங்க தொழிலேதான், ஊரும் காலமும் மட்டும்தான் வேற.

எப்படின்னு கேளுங்க. 1391ல செவில்ங்கற ஊர்ல ஆரம்பிச்சு ஸ்பெயின் முழுக்க யூதர் தெருக்கள்ல கலவரம், கொள்ளை, கொலை. உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்குல மதம் மாறுனாங்க, அவங்கள கன்வெர்சோன்னு சொல்லுவாங்க. மாறுனா நிம்மதி கிடைச்சுதான்னா அதுவும் இல்ல, 1449ல டொலேடோ நகரத்துல யூத வம்சத்துல வந்தவங்க நகரப் பதவில இருக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க, அப்புறம் சுத்த ரத்தம்னு நிரூபிச்சாதான் பெரிய காலேஜ்ல சேரலாம், வீரர் சங்கத்துல சேரலாம், சர்ச்சுல பதவி வாங்கலாம்னு ஒண்ணொண்ணா வந்துச்சு. 1480ல செவில்ல இன்குவிசிஷன், அதாவது மாறுனவங்க நிஜமாவே கிறிஸ்தவங்கதானான்னு தோண்டற மத விசாரணைக் கோர்ட்டு, ஆரம்பிச்சுது. 1492ல மதம் மாறாத யூதங்க எல்லாரும் நாட்ட விட்டே போகணும்னு உத்தரவு.

இப்ப உங்களுக்கே புரியும், அப்படி ஒரு ஊர்ல எவன் தன் தாத்தா யூதன்னு எழுதி வைப்பான்? வம்சாவளிய மாத்தி எழுதுனாங்க, பொய் சாட்சி புடிச்சாங்க. செவில்ல அடுத்தவன் வம்சத்தோட ரகசியத்த தோண்டி எடுத்து மிரட்டி காசு பண்றதையே தொழிலா வச்சிருந்த ஆளுங்க இருந்தாங்க. விசாரணைக் கோர்ட்டு பேப்பர்ல இருக்கறது பயத்துல சொன்ன வாக்குமூலம், அதையும் அப்படியே நம்ப முடியாது. அப்ப எத நம்பறது? பிரபு வீட்டு கணக்குப்பிள்ளைய. எந்த வீட்டுக்கு யார் வாடகை கட்டுனான், எந்த திராட்சைத் தோட்டத்த யார் குத்தகைக்கு எடுத்தான், வரி வசூல் ஏலம் யாருக்குப் போச்சு, இத்தன மரவேதி (அந்தக் காலத்து ஸ்பெயின் காசு) வரவு, இத்தன பாக்கி. அந்த ஆளு பணத்துல பொய் எழுதியிருக்கலாம், குத்தகைக்காரனோட வம்சத்துல பொய் எழுத அவனுக்கு ஒரு காரணமும் இல்ல.

இங்கதான் உங்க சக்குபந்தி, அந்த நாலு பக்க எல்லை விவரம், வருது அண்ணே. ஞானஸ்நானம் வாங்குறப்ப நிறைய பேரு தன்னக் கைதூக்கி விட்ட பிரபுவோட குடும்பப் பேரையே வச்சுக்கிட்டாங்க, அதனால பேர வச்சு தேடுனா தொலைஞ்சு போயிருவோம், உண்மையான பிரபு குடும்பமா வேலக்காரன் குடும்பமான்னே தெரியாது. வீட்ட வச்சு தேடணும். வடக்க இன்னார் வீடு, தெற்க தெரு, கிழக்க பழைய யூதக் கோயில்னு பத்திரத்துல எழுதியிருப்பான், ஆள் பேரு மாறியிருக்கும், எல்லை அப்படியே நிக்கும். 1492 நவம்பர்ல இன்னொரு உத்தரவு வேற வந்துச்சு, நாட்ட விட்டுப் போனவங்க ஞானஸ்நானம் வாங்கிட்டு திரும்பி வந்தா வித்த சொத்த வித்த விலைக்கே திருப்பி வாங்கிக்கலாம்னு. அதே வீடு, கோடைக்காலத்துல யூதப் பேர்ல வித்தது, கொஞ்ச நாள் கழிச்சு கிறிஸ்தவப் பேர்ல வாங்குனது, ரெண்டு பத்திரத்தையும் பக்கத்துல வச்சா ஒரு குடும்பமே எந்திரிச்சு வந்துரும். சின்ன வயசுல இருந்து உங்க பக்கத்துல உக்காந்து தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பாத்து வளந்த பொண்ணு, அவளுக்கு இது புடிக்கலைன்னாதான் ஆச்சரியம்.

அவ எங்க மாட்டுனான்னும் கேட்டேன். பிளாசென்சியான்னு ஒரு ஊரோட பழைய கையெழுத்து ஆவணங்கள வச்சு அமெரிக்கப் பேராசிரியர் ஒருத்தர் நடத்துன இலவச ஆன்லைன் கோர்ஸாம். நல்ல இடத்துலதான் மாட்டியிருக்கா. புர்கோஸ்ல தலைமை ரபியா, அதாவது யூத மதகுருவா, இருந்த சாலமோன் ஹா-லேவி மதம் மாறி பாப்லோ தே சாந்தா மரியா ஆகி, 1415ல அதே ஊருக்கு பிஷப்பாவே வந்துட்டாரு. அந்தக் குடும்பத்துல ஒரு கிளை பிளாசென்சியால கார்வஹால்னு ஒரு பழைய கிறிஸ்தவ வீரர் குடும்பத்தோட சம்பந்தம் பண்ணி ஊரோட பெரிய தலைங்களா இருந்தாங்க. பிளாசென்சியா 1442ல இருந்து 1488 வரைக்கும் சூனிகா பிரபுக்கள் கையில இருந்துச்சு. அவங்கதான் பின்னாடி பெஹார் டியூக்குங்க, அந்தக் குடும்பத்துச் சொத்தும் பேப்பரும் கல்யாணம் வாரிசுன்னு சுத்தி ஒசூனா டியூக் குடும்பத்துக்குப் போச்சு. கடைசியில மரியானோன்னு ஒரு டியூக் ரஷ்யாவுக்குத் தூதரா போய் அவ்ளோ பெரிய சொத்தையும் ஊதாரித்தனமா அழிச்சு 1882ல கடனாளியா செத்தாரு. அவரு ஒழுங்கா இருந்திருந்தா அந்தப் பேப்பரெல்லாம் இன்னிக்கும் ஏதோ அரண்மனை பீரோல பூட்டிக் கிடந்திருக்கும். இப்ப அது டொலேடோல தவேரா ஆஸ்பத்திரிக் கட்டடத்துல பிரபுக்கள் ஆவணக் காப்பகமா இருக்கு. அந்தக் கட்டடத்தக் கட்ட ஆரம்பிச்ச கர்தினால் தவேரா யாருன்னா, இன்குவிசிஷனுக்கே தலைவரா இருந்த ஆளு! அந்தாளு கட்டுன கட்டடத்துலயே உக்காந்து இப்ப கன்வெர்சோ குடும்பங்கள தேடறாங்க. அதுல நிறைய ஆவணத்த ஸ்பெயின் அரசாங்கத்தோட பாரெஸ் சைட்ல படமாவே போட்டிருக்கான், காசு கிடையாது, உங்க பொண்ணு கும்பகோணத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறது அதத்தான்.

எல்லாமே அரசாங்கத்துகிட்ட வந்துரல. மெதினா சிதோனியா டியூக் குடும்பத்து ஆவணம் சான்லூகார்னு ஒரு கடலோர ஊர்ல அவங்க அரண்மனையிலயே இருக்கு, பிராங்கோங்கற சர்வாதிகாரி ஆட்சிய எதுத்து ஜெயிலுக்குப் போன ஒரு டச்சஸ் அம்மா, சிவப்பு டச்சஸ்னே பேரு, பல வருஷம் தானே உக்காந்து அத அடுக்கி வச்சாங்க, 2008ல இறந்தாங்க. அந்தக் குடும்பத்துக்கும் கன்வெர்சோக்களுக்கும் ஒரு கத இருக்கு. 1473ல கோர்தோபால கன்வெர்சோக்கள வெட்டிப் போட்டப்ப தப்பிச்சவங்க இந்த டியூக்கிட்ட போய் ஜிப்ரால்டர்ல குடியேறிக்கறோம், கோட்டைக் காவலுக்கு ஆகற செலவ நாங்களே பாத்துக்கறோம்னு கேட்டு, அவரும் சரின்னு விட்டு, ரெண்டே வருஷத்துல 1476ல அவரே துரத்தி விட்டுட்டாரு. வாடகையும் வரியும் கட்ற வரைக்கும்தான் பிரபுவோட பாசம்.

சரி, சோத்துக்கு என்ன பண்றதுன்னு நீங்க கேப்பீங்க, கேக்கணும். சியுஇடி, அந்த மத்திய யூனிவர்சிட்டி நுழைவுத் தேர்வு, எழுதியிருக்கான்னு சொன்னீங்கல்ல, ஜேஎன்யு, டெல்லி யூனிவர்சிட்டி, ஹைதராபாத் இஃப்ளு மூணுலயும் ஸ்பானிஷ் ஆனர்ஸ் இருக்கு, மூணுமே மத்திய அரசு யூனிவர்சிட்டி, உங்க மேனேஜ்மென்ட் சீட்டோட ஒரு செமஸ்டர் காசுல டிகிரி ஃபீஸும் கட்டிட்டு மிச்சம் இருக்கும். இந்த வருஷம் கிடைக்கலைன்னா அரசு கலைக் கல்லூரியில பிஏ வரலாறு சேரட்டும், ஸ்பானிஷ் தனியா படிக்கட்டும், டெலேன்னு ஒரு பரீட்சை இருக்கு, அதுல பி2 லெவல் வாங்கறதுதான் முதல் குறி. ஸ்பானிஷ் நல்லா தெரிஞ்சா எந்த ஆராய்ச்சியும் இல்லாம சென்னை, பெங்களூர் கம்பெனிங்கள்ல வேல இருக்கு, வெறும் இங்கிலீஷ் தெரிஞ்சவங்கள விட சம்பளமும் கொஞ்சம் கூடத்தான். அதுதான் கீழ விரிக்கற வலை, விழுந்தாலும் அடி படாது.

அதுக்கு மேல டெல்லி நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஆவணக் காப்பகப் படிப்புக்கு ஒரு வருஷ டிப்ளமா இருக்கு, அங்க ஆர்கைவிஸ்ட் வேலைக்கு யுபிஎஸ்சி ஆள் எடுக்குது. கோவால போர்ச்சுகீசு காலத்து ஆவணக் காப்பகம் 1595ல ஆரம்பிச்சது, ஸ்பானிஷ் தெரிஞ்சவளுக்கு போர்ச்சுகீசு ரொம்ப தூரம் இல்ல. கன்வெர்சோ கத அங்கயும் இருக்கு, கார்சியா தா ஒர்தான்னு கோவால இருந்த பெரிய மருத்துவர், அவரு அக்கா தங்கச்சிங்கள்ல ஒருத்தர 1569ல அங்கேயே எரிச்சாங்க, செத்துப் போன அவரோட எலும்பையும் 1580ல தோண்டி எடுத்து எரிச்சாங்க. நம்ம தஞ்சாவூர்லயே மோடின்னு ஒரு பழைய மராத்தி எழுத்துல மராட்டியர் காலத்துப் பேப்பர் கட்டுக்கட்டா கிடக்கு, படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. பழைய கையெழுத்து படிக்கிற பழக்கம் ஒண்ணுல வந்துட்டா இன்னொண்ணுக்குப் போறது அவ்ளோ கஷ்டம் இல்ல.

"அதெல்லாம் ஏஐ படிச்சிரும்"னு பெரியப்பா பையன் சொன்னாராம். டிரான்ஸ்கிரிபஸ்னு சாஃப்ட்வேரே இருக்கு, படிக்குதுதான். ஆனா அதுக்கு சொல்லிக் குடுக்க நிறைய பக்கத்த மனுஷன் உக்காந்து சரியா எழுதிக் குடுக்கணும், அது தப்பா படிச்சத புடிக்கவும் மனுஷன் வேணும், அதுலயும் பதினஞ்சாம் நூற்றாண்டு கஸ்தீலிய (பழைய ஸ்பானிஷ்) எழுத்து, பாதி வார்த்தைய சுருக்கி, தொகைய ரோமன் எழுத்துல எழுதி, பேனாவ எடுக்காம இழுத்துக்கிட்டே போயிருப்பான். உங்க பொண்ணுக்கு கம்ப்யூட்டரும் கொஞ்சம் வருதுல்ல, அந்த ரெண்டும் சேந்த ஆளத்தான் இப்ப தேடறாங்க.

இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது. நாட்ட விட்டு விரட்டப்பட்ட யூதங்களோட சந்ததிக்கு குடியுரிமை தரோம்னு ஸ்பெயின் 2015ல சட்டம் போட்டுச்சு, 2019 வரைக்கும் 1.3 லட்சம் பேருக்கு மேல அப்ளை பண்ணாங்க, வம்சம் தேடித் தர்றவங்களுக்கு அப்ப நல்ல காசு. அந்த ஜன்னல் மூடியாச்சு. அத காட்டி "ஸ்பெயின்ல பெரிய டிமாண்ட்"னு எந்த ஏஜென்ட்டாவது வந்தா வாசலோட அனுப்புங்க. டிகிரிக்கே வெளிநாடு கிடையாது, அதுக்கும் கடன் கிடையாது. எம்ஏக்கு ஸ்காலர்ஷிப் இருந்தா ஸ்பெயின், பிஎச்டிக்கு ஸ்டைபெண்டோட ஃபண்டிங் குடுத்தா மட்டும் அமெரிக்கா. சொந்தக் காசுல பிஎச்டிங்கற பேச்சே வரக்கூடாது, இத அவகிட்டயும் கண்டிப்பா சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டா. பேராசிரியர் வேல உறுதின்னும் சொல்ல மாட்டேன், முதல் அஞ்சாறு வருஷம் கையிருப்பு கம்மியாத்தான் இருக்கும், ஆனா கடன் இருக்காது.

இவ்ளோ ஆசையா பேசறாளே, நிஜமா தாங்குமான்னு பாக்கணும்னா ஒரு வழி இருக்கு. பாரெஸ்ல இருந்து ஒரு ஆவணம், ரெண்டே பக்கம், அவளே எழுத்து எழுத்தா படிச்சு எழுதி, யார் யாருக்கு என்ன குடுத்தான்னு தமிழ்ல உங்களுக்கு சொல்லட்டும், ஒரு மாசம் டைம் குடுங்க. நீங்க பத்திரத்துல கேக்கற மாதிரியே குறுக்குக் கேள்வி கேளுங்க, எல்லை எங்க, சாட்சி யாரு, முன் பத்திரம் எதுன்னு. பாதியில போர் அடிச்சு விட்டுட்டான்னா என்கிட்ட வாங்க, வேற பாப்போம். அது வரைக்கும் அந்தக் காலேஜுக்கு ஒரு ரூபா அட்வான்ஸ் கட்டாதீங்க, சீட் போயிரும்னு தினம் போன் பண்ணுவாங்க, பண்ணட்டும். அண்ணி, மாமியார் வீட்டுல கேட்டா பொண்ணு டெல்லில மத்திய யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருக்கான்னு சொல்லுங்க, அது உண்மைதானே. பெரியப்பா பையன் மறுபடி கூப்பிட்டா என் நம்பரக் குடுங்க.